ஏன் விற்கிறார்?

அந்தக் காலத்தில் மைசூரில் பழைய கார் வாங்க ஆசைப்பட்டவர்கள் காரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் லட்சுமிபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அது எங்கள் அத்திம்பேரின் வீடு. என் கணவருடைய மூத்த அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டவர். அக்கா புருஷனை அத்திம்பேர் என்பது எங்கள் வழக்கம். கணவர் அப்படிக் கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மராமத்து இலாகாவில் அவருக்கு உத்தியோகம். காரைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் இல்லை. ஆனால் அவர் கூட வந்தால் கார் பாதி விலைக்கு வரும் என்று ஊரில் பேர். அதற்காக யாரிடமும் ஒரு தம்பிடி வாங்கியதில்லை. ஜரிகைப் பேட்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு, மூடிய கழுத்துக் கோட்டு போட்டுக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவார். பானெட்டைத் தூக்கிப் பார்த்த பிறகு கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொள்வார். அவருடைய கண்கள் பெரியவை, எப்போதும் சற்று ஈரமாக இருக்கும். அவர் பார்த்தால் நம்மைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்று தோன்றும். அப்படித் தோன்றியதில் பொய்யும் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதிதில், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், அவர் அக்காவிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு அப்பா ஞாபகம் வந்திருக்கு. நாளைக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் போயிட்டு வரட்டும்." நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழவும் இல்லை. மறுநாள் தன்னுடைய காரையே கொடுத்து எங்கள் இருவரையும் அனுப்பினார். அம்மா இல்லாமல் என்னை வளர்த்த அப்பா, மகள் காரில் வந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு வாசலில் அசையாமல் நின்றார். அந்த ஒரு நாளுக்காக அத்திம்பேரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன் என்று அப்போது நினைத்தேன்.

அந்தக் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம். துணிக் கூரையைப் பின்னால் மடித்து வைக்கலாம். கம்பிச் சக்கரங்கள். பானெட்டை ஒரு தோல் வாரால் இழுத்துக் கட்டியிருக்கும். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரியிடம் ஊட்டியில் வாங்கியது. சாமுண்டி மலை ரோட்டில் அது ஏறுகிற சத்தத்தைக் கேட்டே தெருவில் பையன்கள் "பந்த்து, பந்த்து", வந்துவிட்டது என்று கன்னடத்தில் கத்துவார்கள். என் கணவர் டாக்டர். சொந்தமாக டிஸ்பென்சரி வைத்து அப்போதுதான் நாலு நோயாளிகள் வர ஆரம்பித்திருந்தார்கள். அவருக்கு அந்தக் கார் மேல் ஒரு கண். "அத்திம்பேரே, எப்போ விப்பேள்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "நான் ஓட்டற வரைக்கும் இது என்னோடது. நீ வேற பாரு. நான் பாத்துக் கொடுக்கறேன்" என்பார் அவர்.

அவர் விலை பேசுவதை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். யாரோ வக்கீல் சிநேகிதருக்காக, நஜர்பாத்தில் ஒரு வெள்ளைக்காரக் காப்பித் தோட்டத் துரையின் பங்களாவுக்குப் போனோம். வக்கீலின் பெரிய காரில் அக்காவும் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் இறங்கிக்கொள்ளலாம் என்று எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். நாங்கள் காரை விட்டு இறங்கவில்லை.

துரை விற்க வைத்திருந்ததும் இரண்டு பேர் உட்காரும் வண்டிதான், சிவப்பு. அத்திம்பேர் அதை அவசரமில்லாமல் பார்த்தார். டயரில் நகத்தை வைத்து அழுத்தினார். குனிந்து அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்த்தார். கைப்பிடியைச் சுற்றி எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். எழுந்து வந்து வக்கீலிடம், "வண்டி குத்தமில்லை. அவன் சொல்ற விலை பெறும்" என்று மெதுவாகத் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு, "குடிக்கத் தீர்த்தம் வாங்கிண்டு வரேன்" என்று பங்களாவின் பின்பக்கம் போனார்.

பின்பக்கம் எங்களுக்குத் தெரியும்படி இருந்தது. ஒரு ஆயா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நீலகிரிப் பக்கத்துப் பெண், தமிழ் பேசினாள்.

"துரைசாணி இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"உள்ள படுத்திருக்காங்க சாமி. எந்திரிக்கிறதே இல்ல."

"உடம்புக்கு முடியலையா?"

ஆயா கையில் இருந்த துணியைப் பிழியாமல் நின்றாள். "கொளந்த தவறிப்போச்சுங்க சாமி. தோட்டத்துக் காய்ச்சல். அதுலேர்ந்து துரைசாணி சோறு திங்கிறதில்ல. அடுத்த கப்பலுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்னு தொர சொல்றாரு. அல்லாத்தையும் வித்துக்கிட்டிருக்காரு."

அத்திம்பேரின் கண்கள் நிறைந்துவிட்டன. அதை நான் பார்த்தேன். அவளிடம் ஒரு ரூபாய் கொடுத்தார். திரும்பி முன்பக்கம் வந்தார். துரையிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கப்பல் என்றைக்கு என்று கேட்டிருக்க வேண்டும். துரை பதில் சொன்னார். அத்திம்பேர் "ஹௌதா?" என்றார். கன்னடத்தில் 'அப்படியா' என்று அர்த்தம். எந்த பாஷையில் பேசிக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்குக் கன்னடத்தில்தான் வரும். அதைச் சொல்லிவிட்டு அவர் மேற்கொண்டு பேசவில்லை. துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நின்றார். துரை தொண்டையைக் கனைத்தார். ஏதோ சொன்னார். அத்திம்பேர் நின்றார். துரை மறுபடி ஏதோ சொன்னார். அந்த மௌனத்தில் ஒருவர் படிப்படியாக இறங்கிக்கொண்டிருப்பதை நான் காரில் உட்கார்ந்தபடியே பார்த்தேன்.

திரும்பி வரும்போது வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. "பாதியா குறைஞ்சுடுத்தே! அவர் சொல்ற விலை பெறும்னேளே?"

"வண்டி என்ன பெறும்னு பாக்கறது ஒரு வேலை. அவன் ஏன் விக்கறான்னு பாக்கறது இன்னொரு வேலை. ரெண்டாவது தெரியாம வாயைத் திறக்கப்படாது" என்றார் அத்திம்பேர். தேவராஜ மார்க்கெட்டில் இறங்கி அக்காவுக்கும் எனக்கும் கை நிறைய மல்லிகை வாங்கிக் கொடுத்தார். "பாவம், அந்தக் குழந்தை" என்று இரண்டு தடவை சொன்னார். அக்கா பூவை வைத்துக்கொண்டாள். நான் மடியிலேயே வைத்திருந்து வீட்டுக்கு வந்ததும் பெருமாளுக்குச் சாத்திவிட்டேன்.

இதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் பொய்யாக அழவில்லை. ஆயாவிடம் கேட்டபோது காரை நினைத்துத்தான் கேட்டாரா, அந்தத் துரைசாணியை நினைத்துக் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். பிறத்தியார் கஷ்டம் அவர் கண்ணில் தானாகவே வந்து விழும். விழுந்ததை என்ன செய்வது என்றால், அழுவார், உதவி செய்வார், அதோடு விலையும் பேசுவார்.

எனக்கு டைஃபாய்டு வந்து படுத்திருந்தபோது தினமும் வந்தவர் அவர்தான். கதவோரம் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குத் தலைவலி இல்லை, வயித்துலதான் வலி" என்று அக்காவிடம் சொல்வார். அது சரியாகவே இருக்கும். டாக்டர் என் கணவர். ஆனால் அவர் நாடி பிடிப்பதற்குள் அத்திம்பேர் சொல்லிவிடுவார். "இதை எங்கே படிச்சேள்?" என்று கணவர் வியந்து கேட்டதுண்டு. அந்த வியப்பு எனக்கு அப்போது பிடித்திருந்தது.

அதற்குப் பிறகுதான் என் கணவர் அவரோடு கார் பார்க்கப் போக ஆரம்பித்தார். தனக்கென்று ஒரு வண்டி தேடுகிறேன் என்றுதான் போனார். போகப்போக, வண்டியை விட மனிதர்களைப் பார்ப்பதில் அவருக்கு ருசி வந்துவிட்டது.

ஒரு தடவை சிநேகிதர் ஒருவருக்காக இருவரும் கொள்ளேகாலுக்குப் போய்வந்தார்கள். அங்கே ஒரு பட்டு வியாபாரி, மகன் ஆசையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறார் என்று தகவல். இருட்டுவதற்குள் திரும்பி வந்து எங்கள் வீட்டிலேயே சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன். இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"'பையன் ஆசப்பட்டு வாங்கிப்போட்டானுங்க. எங்கியாச்சும் மரத்துல கொண்டி முட்டிப்போடுவானோன்னு நெதம் பயமா இருக்குதுங்க'ன்னார் பாரு" என்று கணவர் அந்த வியாபாரி மாதிரியே பேசிக் காட்டினார்.

"பையனுக்காக இல்லை" என்றார் அத்திம்பேர். "தெருவுல நுழைஞ்சப்போ கவனிச்சியோ? அவாத்துப் பக்கம் வந்ததும் தறிச் சத்தமே இல்லை. மத்த ஆத்துலெல்லாம் கேக்கறது. அப்பவே தெரிஞ்சுடுத்து."

கணவர் சாத்தமுது ரசத்துக்குச் சாதத்தில் குழி செய்துகொண்டே சொன்னார்: "நான் அவர் காலைப் பாத்தேன். ரெண்டு காலும் வீங்கியிருக்கு. பேசறப்போ மூச்சு வாங்கறது. ஹார்ட்டு. ரொம்ப நாள் தாங்காது. பையனுக்கு ஒண்ணும் தெரியாதுபோல இருக்கு. இருக்கறப்பவே எல்லாத்தையும் பணமாக்கிடணும்னு அவருக்கு."

அத்திம்பேர் கையை இலையில் வைத்தபடி அவரைப் பார்த்தார். "இதை ஏன் அப்பவே சொல்லலை? விலை சொல்றதுக்கு முன்னால சொல்லியிருந்தா இன்னும் இறங்கியிருப்பாரே." விளையாட்டாகத்தான் சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

எனக்குக் கரண்டி கையில் நின்றது. "அவர்கிட்ட சொன்னேளா?" என்று கேட்டேன்.

"எதை?"

"உடம்பைப் பத்தி. டாக்டர்ட்ட காட்டுங்கோன்னு."

"அவர் என்னைக் கேக்கலையே" என்றார் என் கணவர். "நான் வண்டி பாக்கப் போனவன்."

அடுத்த சங்கராந்திக்கு முன்பே அந்த வியாபாரி இறந்துபோனார். சேதி தெரிந்ததும் அத்திம்பேர் பஸ் ஏறிக் கொள்ளேகாலுக்கே போனார். துக்கம் விசாரித்ததோடு விடவில்லை. அந்தப் பையனுக்குப் பட்டு இலாகாவில் யாரையோ பிடித்து ஒரு சின்ன வேலை வாங்கிக் கொடுத்தார். அந்தக் குடும்பம் அவரைத் தெய்வம் என்றது. தாம் பேசி முடித்த விலையைப் பற்றி அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. அது வேறு, இது வேறு. ஆனால் என் கணவர் துக்கம் விசாரிக்கப் போகவில்லை. எனக்கு அன்றுதான் முதலில் பயம் வந்தது. அத்திம்பேரிடமிருந்து அவர் ஒன்றை எடுத்துக்கொண்டார், இன்னொன்றை அங்கேயே விட்டுவிட்டார் என்று தோன்றியது.

டிஸ்பென்சரியிலும் அது தெரிய ஆரம்பித்தது. ஒருவன் வண்டி கட்டிக்கொண்டு பக்கத்துக் கிராமத்திலிருந்து பிரசவ வலியில் இருக்கிற பெண்சாதியைக் கூட்டிவந்தால், இவர் அவன் முகத்தைப் பார்ப்பார். பீஸ் என்ன என்று அவன் கேட்பான். இவர் பேசாமல் இருப்பார். அவனே ஒரு தொகை சொல்வான். பிறகு அதைக் கூட்டுவான். வைத்தியத்தில் குறை வைக்க மாட்டார், அதைச் சொல்லியாக வேண்டும். ஊரில் கைராசிக்காரர் என்று பேர் வந்தது. வீட்டில் பெரிய பீரோ வந்தது.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், எங்கள் வாசலில் ஜட்கா வந்து நின்றது. அதிலிருந்து அத்திம்பேர் இறங்கினார். அவர் ஜட்காவில் வந்து நான் பார்த்ததே இல்லை. கூடத்தில் வந்து உட்கார்ந்து பேட்டாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"டாக்டரே, பச்சை வண்டி வேணுமா? கொடுத்துடறேன்" என்றார்.

என் கணவர் நாற்காலியில் நிமிர்ந்தார். எத்தனை வருஷத்து ஆசை. ஆனால் சந்தோஷம் முகத்தில் வருவதற்கு முன்னால் வேறு ஏதோ வந்தது.

"ஏன் விக்கறேள்?"

"அலுத்துப் போச்சுப்பா. எனக்கும் வயசாறது. உங்கக்காவுக்கும் அந்த வண்டில ஏறி இறங்க முடியலை."

"ஹௌதா?" என்றார் என் கணவர்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அன்றுதான் முதலில் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

நான் காப்பி கொண்டுவந்து அத்திம்பேர் பக்கத்தில் முக்காலியில் வைத்தேன். அவர் எடுக்கக் கையை நீட்டினார். கை டம்ளருக்குப் பக்கத்தில் வெறும் மரத்தைத் தொட்டது. தடவிப் பிறகு எடுத்துக்கொண்டார். எனக்கு அது ஒன்றாகவே படவில்லை. பேச்சு மும்முரத்தில் யாருக்கும் ஆவதுதானே. தற்செயலாகக் கணவரைப் பார்த்தேன். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்திம்பேர் ஒரு விலை சொன்னார். நியாயமான விலை. ஊரில் யாரும் அந்த விலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். கணவர், "யோசிச்சுச் சொல்றேன் அத்திம்பேரே" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வாசல்படி இறங்கும்போது அத்திம்பேர் படியைக் காலால் தேடி இறங்கினார்.

அடுத்த வாரம் வந்தார். அன்றும் ஜட்காதான். கொஞ்சம் குறைத்துச் சொன்னார். கணவர் பேச்சை வேறெங்கோ கொண்டுபோனார். கிருஷ்ணராஜ சாகரத்தில் தண்ணீர் எவ்வளவு, அக்காவின் முட்டிவலி எப்படி என்று. அத்திம்பேர் தாமாகவே, "வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரலை. உன்கிட்ட இருந்தா நம்மாத்துலயே இருக்கற மாதிரி" என்றார். கணவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

"ஏன் இப்படி இழுக்கறேள்? உங்களுக்கு வேண்டாமா?" என்று அவர் போன பிறகு கேட்டேன்.

"அவருக்கு அவசரம். எனக்கு இல்லை" என்றார்.

"என்ன அவசரம்?"

"உனக்கெதுக்கு அது?"

மூன்றாவது தடவை அத்திம்பேர் வண்டியோடு வந்தார். ஓட்டிவந்தது தெருக்கோடி மெக்கானிக். அவனை இறக்கி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு எனக்கே என்னவோ போல ஆகிவிட்டது. துரையின் பங்களாவில் நான் பார்த்த இறக்கம் எங்கள் கூடத்தில் நடந்தது. கணவர் அதிலும் கொஞ்சம் குறைத்தார். அத்திம்பேர் சரி என்றார். சாவி கைமாறியது.

சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் என் கணவர் சொன்னார்: "அத்திம்பேரே, நாளைக்கு டிஸ்பென்சரிக்கு வாங்கோ. கண்ணைப் பாக்கணும்."

"கண்ணுக்கென்ன?"

"விளக்கைப் பாத்தா சுத்தி வட்டம் வட்டமாத் தெரியறதா? பக்கத்துலேர்ந்து யாராவது வந்தா தெரியறதில்லையா?"

அத்திம்பேர் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். "தெரியறதில்லை" என்றார்.

"ரொம்ப நாளா?"

"மார்கழிலேர்ந்து. ஒரு நாள் மார்க்கெட் பக்கம் ஒரு குழந்தை மேல ஏத்தியிருப்பேன். மயிரிழைல தப்பிச்சுது. அன்னிக்கு விட்டேன் ஸ்டியரிங்கை. உங்கக்காவுக்குத் தெரியாது." பிறகு முகத்தைக் கணவர் பக்கம் நேராகத் திருப்பினார். இப்போது யோசித்தால், முழுக்கத் திருப்பினால்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். "நீ எப்போ பாத்தே?"

கணவர் சட்டைப் பையில் இருந்த சாவியைத் தொட்டுக்கொண்டார்.

"விலை பேசறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

வெளியே ஜட்கா ஒன்று போகிற சத்தம் கேட்டது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முன்னாலதான்" என்றார் அத்திம்பேர். அவரே கேட்டு அவரே சொன்னார். குரலில் கோபம் இல்லை. டயரை நகத்தால் அழுத்திப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். "முன்னால தெரியாம இருந்தா இத்தனை குறைச்சுக் கேக்க உனக்குத் தைரியம் வந்திருக்காது."

எழுந்து நின்றார். "என்னை ஆத்துல கொண்டு விடு. சாயங்காலமானா எனக்கு வழி தெரியறதில்லை."

இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்த வண்டியில் இருவரும் போனார்கள். என் கணவர் ஓட்டினார். அத்திம்பேர் இத்தனை வருஷம் தாம் உட்காராத இடத்தில் உட்கார்ந்திருந்தார். கணவர் திரும்பி வந்து, கேட்காமலே சொன்னார்: "போன பார்வை போனதுதான். முன்னால சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது." நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பெங்களூரில் பெரிய கண் டாக்டரிடம் காட்டினார்கள். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் மிச்சமிருந்ததையாவது நிறுத்தி வைத்திருக்கலாம் என்றார். கொஞ்சம் முன்னால் என்றால் எத்தனை முன்னால்? மார்கழியா? அல்லது அவர் எங்கள் கூடத்தில் முதல் தடவை கையை நீட்டித் தடவிய அந்த மத்தியானமா? அதை அந்த டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. என் கணவர் கூடவே போயிருந்தார். அவரும் கேட்கவில்லை.

அத்திம்பேர் மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "மச்சினன்தான் கண்டுபிடிச்சான். காப்பி டம்ளரை எடுக்கறதைப் பாத்தே சொல்லிட்டான். அப்படி ஒரு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, தண்டனையாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. டிஸ்பென்சரியில் கூட்டம் இன்னும் கூடியது. ஒவ்வொரு தடவை அந்தப் பேச்சு காதில் விழும்போதும் என் கணவர் தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு வருஷத்துக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. அத்திம்பேரும் அக்காவும் மேலுக்கோட்டையில் இருந்த அவர்கள் பூர்வீக வீட்டுக்குக் குடிபோனார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் முகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். தலை வலித்தால் சிரித்துப் பேசினேன். பணம் மீந்தால் மீந்தது என்றும், குறைந்தால் குறைந்தது என்றும் தெரியாதபடி நடந்தேன். கணவர் என்னிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியவர் இல்லை. ஆனாலும் அவர் பேசாமல் என்னைப் பார்க்கிற வேளைகளில் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் என் அப்பாவுக்கு இருமலில் ரத்தம் வர ஆரம்பித்தது. மண்டியாவில் ஒரு டாக்டரிடம், கணவருக்குத் தெரியாமல், அப்பாவும் நானும் போய்க் காட்டினோம். மலைக் காற்றில் நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சில மாதங்கள் இருக்க வேண்டும் என்றார். வாய்க்கால் பாசனத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதை விற்றுத்தான் போக வேண்டும். அவசரம் தெரிந்தால் கணவரே அதைக் குறைத்துக் கேட்பார் என்று எனக்குப் பயம். நிலம் விலைக்கு வருகிறது என்று எப்படியோ என் கணவர் காதில் விழுந்துவிட்டது.

"உங்கப்பா திடீர்னு ஏன் நிலத்தை விக்கறார்?" என்று கேட்டார்.

"வயசாயிடுத்து. போய்ப் பாத்துக்க முடியலையாம்."

"ஹௌதா?" என்றார்.

அந்த வாரமே, அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ்ஸில் ஏறாமல் மேலுக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல் இருந்தது. வேறு யார் ஞாபகமும் வரவில்லை என்பதுதான் விநோதம்.

அத்திம்பேர் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளைத் தடவித் தடவிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள்.

"யாரு? மைசூருப் பொண்ணா?" என்றார் என் காலடிச் சத்தத்துக்கு.

"ஆமாம் அத்திம்பேரே."

"உக்காரு. அவன் சௌக்கியமா? வண்டி நன்னா ஓடறதா?"

"ஓடறது."

"மேட்டுல ஏறறப்போ ரெண்டாவது கியர்லயே விடச் சொல்லு. அவசரப்படப்படாது அது." பிறகு, "அப்பா எப்படி இருக்கார்?" என்றார்.

எதிரில் இருப்பவருக்குக் கண் இல்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தை அதன் இஷ்டத்துக்கு விட்டேன். கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது. குரலை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சௌக்கியமா இருக்கார்" என்றேன்.

அவர் கொட்டையைப் பொறுக்குவதை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். எஞ்சின் ஓடும்போது கேட்பாரே, அதே சாய்ப்பு. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது.

"வாய்க்கால் பாசனம்தானே அவர் நிலம்?" என்றார்.

நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அவனுக்குத் தெரியுமா?"

"நிலம் விக்கறது தெரியும். உடம்பு தெரியாது."

"வெளியூர் ஆளாப் பாரு. சீக்கிரம் முடி. அப்புறம் ஒண்ணு." அவர் கையை நீட்டினார். நான் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் நின்றது அது. "இப்போ என்கிட்ட 'சௌக்கியமா இருக்கார்'னு சொன்னே பாரு, இந்த மாதிரி அவன்கிட்ட சொல்லிடாதே. ரொம்பக் கெட்டியாச் சொல்றே. சௌக்கியமா இருக்கறவரைப் பத்தி யாரும் அத்தனை கெட்டியாச் சொல்ல மாட்டா."

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மைசூரில் இறங்கினால், பச்சை வண்டி நின்றுகொண்டிருந்தது. என் கணவர் என்னை அழைத்துப்போக வந்திருந்தார். அப்படி அவர் வந்ததே இல்லை.

நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"அப்பா எப்படி இருக்கார்?"

"இருக்கார். முழங்கால் வலிங்கறார். வழக்கம்போலத்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எத்தனை நேரம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. நான் எதிரே போகிற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாவியைத் திருப்பினார்.

நிலத்தைப் பாண்டவபுரத்துக்காரர் ஒருவர் நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டார். அக்கா சொல்லி அத்திம்பேருக்குச் சேதி தெரிந்தது. எத்தனைக்குப் போயிற்று என்று மட்டும் கேட்டாராம். தொகையைக் கேட்டுவிட்டு, "வாங்கினவன் ஒரு விஷயமும் விசாரிக்கலை போல இருக்கு. நல்ல மனுஷன்" என்றாராம். அடுத்த வருஷம் தூக்கத்திலேயே அவர் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த என் அப்பா அதற்கு மேலும் இரண்டு வருஷம் இருந்தார். அவர் காரியங்களெல்லாம் முடிந்து, நானும் கணவரும் அந்த வண்டியில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். காவேரிப் பாலத்தைத் தாண்டும்போது, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்:

"உங்கப்பாவுக்கு எதனால முடியலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பஸ் ஸ்டாண்ட்ல நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே தெரியும்."

பிறகு ஏன் நிலத்தைக் கேட்கவில்லை என்று நான் கேட்டிருக்கலாம். அவர் கேட்காமல் விட்டதற்கு மேலுக்கோட்டையில் ஒருவர் கண்ணில்லாமல் உட்கார்ந்திருந்ததுதான் காரணமா என்று தெரிந்துகொண்டிருக்கலாம். கேட்க வாயெடுத்தேன். கேட்டு, அவர் பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. வெயில் அடிக்கிறது, கூரையை இழுத்துவிடுங்கள் என்றேன்.